கொமடோர் 64-இன் ரோம் செத்துவிட்டால் அந்த இடத்தில் எதைப் போடுவது?

கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியை ஆன் செய்த இரண்டு மூன்று நொடியில் நீலத் திரை வரும். 38911 பைட் காலியாக இருக்கிறது என்று ஒரு வரி, அதன் கீழே ‘ரெடி’, அதற்கும் கீழே மினுக்கும் கர்சர். 1982-இல் கடைக்கு வந்த பெட்டி இன்றும் அதே மாதிரி எழுந்து நிற்பதைப் பார்க்கையில் எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சிதான்.

அந்தத் திரையைக் கொண்டுவருபவை மூன்று ரோம் சிப்புகள், அதாவது மின்சாரம் போனாலும் தரவை மறக்காத நினைவகச் சிப்புகள். போர்டில் யூ3, யூ4, யூ5 என்று எண் போட்டிருக்கும். யூ3-இல் பேசிக் மொழி, 8 கிலோபைட். யூ4-இல் கெர்னல், அதாவது பெட்டியை எழுப்பி இயக்கும் அடிப்படை நிரல், அதுவும் 8 கிலோபைட். யூ5-இல் எழுத்து வடிவங்கள், 4 கிலோபைட். மொத்தமே 20 கிலோபைட்தான். ஆனால் கெர்னலில் ஒரு பைட் புரண்டாலே திரை கறுத்துப்போகலாம்.

மூன்றும் மாஸ்க் ரோம் வகை. தரவு பிறகு எழுதப்பட்டதல்ல. சிப் உருவாகும்போதே உள்ளே அச்சாகிவிட்டது. 1976-இல் கொமடோர் விலைக்கு வாங்கிய மாஸ் டெக்னாலஜி நிறுவனத்தின் தயாரிப்பு. 1994-இல் கொமடோரே திவாலாகிவிட்டது. ஆகவே புதிய ஒரிஜினல் என்று ஒன்று உலகத்தில் இல்லை. செத்த சிப்பின் இடத்தில் ஒரு பழையதைப் போடவேண்டும், அல்லது வேறு வகைச் சிப்பில் அதே தரவை எழுதிப் போடவேண்டும். எனக்குக் கெர்னல் போனபோது இந்த வழிகளில் பெரும்பாலானவற்றை நானே முயன்று பார்த்தேன். அதை வைத்து எழுதுகிறேன்.

முதலில் சந்தேகம் தீரட்டும்

கறுப்புத் திரை என்றாலே ரோம் என்று முடிவு கட்டக்கூடாது. கொமடோரோடு வந்த பழைய பவர் சப்ளை எபாக்சி ஊற்றி மூடிய கட்டி. உள்ளே ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் அப்படியே ஏறும். அந்த அடி பெரும்பாலும் ரேம் சிப்புகள் மேல்தான் விழும். மல்டிமீட்டரில் 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தச் சப்ளையை இனி எதிலும் செருகாதீர்கள். புது ரோம் வாங்கும் காசை முதலில் நல்ல சப்ளைக்குச் செலவழியுங்கள்.

அடுத்த சந்தேகம் பிஎல்ஏ சிப், 906114-01. எந்த முகவரிக்கு எந்தச் சிப் பதில் சொல்லவேண்டும் என்று தீர்மானிப்பது அது. இந்தப் போர்டில் அடிக்கடி போவது அதுதான், அதற்கும் அறிகுறி கறுப்புத் திரையே. இவற்றைப் பிரித்தறியக் கொமடோரே தன் சர்வீஸ் ஆட்களுக்காக ஒரு கார்ட்ரிட்ஜ் செய்தது. டெட் டெஸ்ட் என்று பெயர், எண் 781220. இன்று ஆர்வலர்கள் செய்யும் நகல்கள் கிடைக்கின்றன. இதன் சிறப்பு, கெர்னல் இருக்கவேண்டிய முகவரியில் தானே உட்கார்ந்துகொள்வது. போர்டில் ரோம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் ஓடும். செருகி ஆன் செய்தால் முதல் பத்து நொடி திரை கறுப்பாகவே இருக்கும், பதறவேண்டாம். ரேம் கெட்டிருந்தால் திரை விட்டுவிட்டு மின்னும். சோதனைப் பக்கம் ஒழுங்காக வந்து, கார்ட்ரிட்ஜைக் கழற்றியதும் மறுபடி கறுத்தால், ரோம் மீது கை வைக்கலாம்.

மூன்று ரோமும் சாக்கெட்டில் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. மூன்றையும் கழற்றிவிட்டு டெட் டெஸ்ட்டை ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகும்போது டெட் டெஸ்ட்டும் நின்றுபோகிறதோ, அது டேட்டா வழியையே அடைத்துக்கொண்டிருக்கிறது. பேசிக் மட்டும் செத்திருந்தால் விளையாட்டுக் கார்ட்ரிட்ஜ்கள் ஓடும். ஏனென்றால் கெர்னல் எழுந்ததும் பேசிக்கை அழைக்கும் முன்பே கார்ட்ரிட்ஜ் இருக்கிறதா என்று பார்த்துவிடும். எழுத்து ரோம் செத்தால் நிறங்கள் வரும், எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் குப்பையோ வெறுமையோ இருக்கும்.

பழைய ஒரிஜினலைத் தேடிப் போடுவது

நான் முதலில் செய்தது இதுதான். 901227-03 என்று எண் பொறித்த கெர்னல் ஒன்று பழைய போர்டிலிருந்து கழற்றியதாகக் கிடைத்தது. சாக்கெட்டில் அழுத்தினேன், நீலத் திரை வந்தது. பதினோரு மாதம் ஓடியது. பிறகு மறுபடி கறுப்பு. விற்றவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் சோதித்துத்தான் கொடுத்தார். போனது போலவே வந்ததும் நாற்பது வயதுச் சிப். என் பழைய சிப்பை எந்த வெப்பமும் வயதும் கொன்றதோ, அதே வெப்பத்தில் அதே வயதைக் கழித்த ஒன்றை அதே இடத்தில் உட்காரவைத்தேன்.

ஆனாலும் இந்த வழியை ஒரேயடியாக ஒதுக்கமாட்டேன். அடாப்டர் வேண்டாம், எழுதும் கருவி வேண்டாம், சாக்கெட் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பெட்டியை அதன் காலத்து உருவிலேயே வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு இது ஒன்றே வழி. மாஸ் சிப்புகளின் தலையில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3783 என்றால் 1983-இன் 37-ஆம் வாரம். மற்றச் சிப்புகளின் தேதியோடு ஒத்துப்போகும் ஒன்றைத் தேடிப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பொறுமை மேல் எனக்கு மதிப்பு உண்டு. கெர்னலில் -01, -02 என்ற முந்தைய பதிப்புகளும் கிடைக்கும்; தேதிப் பொருத்தம் முக்கியமில்லை என்றால் -03-ஐயே எடுங்கள்.

மோட்டோரோலா 68764: கேட்க அழகு, செய்யக் கடினம்

ஒரிஜினல் சிப் 2364 என்ற வகை, 24 கால். அதே 24 காலில், அதே கால் வரிசையில், 8 கிலோபைட் கொள்ளும் ஈப்ராம் (அழித்து மறுபடி எழுதக்கூடிய ரோம்) ஒன்று உண்டு: மோட்டோரோலாவின் எம்சிஎம்68764, அதன் தம்பி 68766. அடாப்டர் இல்லாமல் நேரே சாக்கெட்டில் உட்காரும். வெள்ளைச் செராமிக் உடலும் நடுவில் கண்ணாடிச் சன்னலுமாகப் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

சிக்கல் இரண்டு. இதன் உற்பத்தி நின்று பல காலம் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பவற்றின் விலை, காப்பாற்ற நினைக்கும் ஒரிஜினலை விடவும் ஏறிவிடுகிறது. இரண்டாவது, எழுத 25 வோல்ட் வேண்டும். நம்மில் பலர் சிப்பில் தரவு எழுத வைத்திருக்கும் டிஎல்866 டூ பிளஸ் கருவி 18 வோல்ட்டோடு நின்றுவிடும். பழக்கப்பட்ட ஒருவர் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு சிப்புக்காக நீங்களே இந்தப் பாதையில் இறங்கவேண்டாம்.

27சி வகையும் அடாப்டரும்

நான் கடைசியில் வந்து நின்றது இங்கே. 27சி64, 27சி128, 27சி256, 27சி512 எல்லாம் ஒரே குடும்பம். 28 கால், 5 வோல்ட்டில் ஓடும், எழுத 12 வோல்ட்டை ஒட்டி இருந்தால் போதும். பழைய மாஸ்க் ரோமை விட வேகமானவை. கொமடோர் 64 ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பெட்டி. 250 நானோநொடிச் சிப்பே அதற்குத் தாராளம். சூடும் குறைவு.

24 கால் சாக்கெட்டில் 28 கால் சிப் எப்படி உட்காரும் என்பதுதான் கேள்வி. பெரும்பாலான கால்கள் இரண்டிலும் ஒன்றே. மாறுபவை சிலதான், அவையே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. 2364-இல் ஏ11 என்ற முகவரிக் கோடு 18-ஆம் காலில், ஏ12 21-ஆம் காலில், சிப்பைத் தேர்ந்தெடுக்கும் கோடு 20-இல், 5 வோல்ட் 24-இல். 27சி64-இல் ஏ11 23-ஆம் காலுக்குப் போய்விட்டது, ஏ12 2-ஆம் காலுக்கு. தேர்வுக் கோடு 20, 22 என்ற இரண்டு கால்களுக்கும் போகவேண்டும். 5 வோல்ட் 28-க்கும், கூடவே 1, 27 ஆகிய கால்களுக்கும். அடாப்டர் என்பது இந்த நான்கைந்து கோடுகளைத் திருப்பிவிடும் சின்ன போர்டு, அவ்வளவே. சிலர் சிப்பின் கால்களை மடக்கிக் கம்பி சால்டர் செய்தும் ஒப்பேற்றுவார்கள். ஓடும். ஆனால் பின்னால் அந்தப் பெட்டியைத் திறப்பவருக்கு அது பெரிய தொல்லை.

அடாப்டர் வாங்கும்போது அதன் அடியைப் பாருங்கள். சதுரமான தடித்த ஹெடர் பின் வைத்த மலிவான அடாப்டர்கள் நிறைய. சிப்பின் மெல்லிய காலுக்காகச் செய்த சாக்கெட்டில் அதை ஒருமுறை அழுத்தினால் உள்ளிருக்கும் நாக்குகள் விரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரிஜினல் சிப்பைப் போட்டாலும் பிடிக்காது. உருண்டையான, மெல்லிய, கடைந்த பின் உள்ள அடாப்டரையே வாங்குங்கள், சில ரூபாய் கூடினாலும். உயரமும் கணக்கு: அடாப்டர் மேல் சாக்கெட், சாக்கெட் மேல் சிப் என்று அடுக்கினால் தகட்டு மூடியும் கீபோர்டும் மேலே இடிக்கும்.

இந்தக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு தேர்வு இருக்கிறது. கண்ணாடிச் சன்னல் வைத்தவற்றை அழிக்க 253.7 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் 15 முதல் 20 நிமிடம் வைக்கவேண்டும். அந்த விளக்கு கண்ணுக்குக் கேடு. மூடிய பெட்டிக்குள்தான் எரியவேண்டும். எழுதி முடித்ததும் சன்னல் மேல் ஒளி புகாத ஸ்டிக்கர் ஒட்டியே ஆகவேண்டும். நேர் வெயிலில் திறந்து கிடந்தால் ஒரு வாரத்தில் தரவு அழியக்கூடும், டியூப்லைட் வெளிச்சத்திலேயே கிடந்தால் ஏறக்குறைய மூன்று ஆண்டில். சன்னல் இல்லாத பிளாஸ்டிக் வகை ஒருமுறை எழுதினால் எழுதியதுதான். தரவு சரியென்று உறுதியாகத் தெரிந்தால் அதில் குறையொன்றும் இல்லை.

வின்பாண்டின் டபிள்யூ27சி512 இந்த இரண்டுக்கும் நடுவே வருகிறது. கால் வரிசை 27சி512-தான், ஆனால் மின்சாரத்தாலேயே அழியும். விளக்கு வேண்டாம். அழிக்க 14 வோல்ட், எழுத 12. சாதாரணக் கருவியே போதும், சில நொடி வேலை. முதன்முறை செய்கிறவர்கள் தப்பாக எழுதுவார்கள், திரும்ப எழுதவேண்டி வரும். நானும் முதலில் கெர்னலுக்குப் பதில் பேசிக் கோப்பை எழுதி வைத்துவிட்டு அரைமணி நேரம் சாக்கெட்டைத் தடவிக்கொண்டிருந்தேன். அதனால் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இந்தச் சிப்தான். இதுவும் உற்பத்தி நின்ற சரக்கு. புதிது என்று விற்பவற்றில் பல, பழைய போர்டுகளிலிருந்து கழற்றித் துடைத்தவை. நான்கைந்தாக வாங்கி, அழித்து, காலியா என்று சோதித்து, எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, தேறுவதை மட்டும் பயன்படுத்துங்கள்.

512 என்றால் 64 கிலோபைட். நமக்கு வேண்டியதோ 8. மீதியை வெறுமையாக விடாமல், அதே கெர்னலை எட்டு முறை அடுத்தடுத்து எழுதி முழுவதையும் நிரப்பிவிடுங்கள். உயர் முகவரிக் கால்கள் அடாப்டரில் எங்கே போனாலும், சிப் கொடுப்பது அதே கெர்னலாகத்தான் இருக்கும். எழுத்து ரோம் 4 கிலோபைட் என்பதால் அதைப் பதினாறு முறை. அது 2332 வகை. 21-ஆம் காலில் முகவரிக் கோட்டுக்குப் பதில் இன்னொரு தேர்வுக் கோடு. இப்படி முழுவதும் நிரப்பினால் அந்த வித்தியாசமும் பிரச்சினை இல்லாமல் போகும்.

இன்றும் ஆலையிலிருந்து வரும் சிப்புகள்

இதுவரை சொன்னவை எல்லாம் கிடங்கில் மிஞ்சியவை, பழைய போர்டில் கழற்றியவை. புதிதாகவே வேண்டும் என்றால் மைக்ரோசிப் நிறுவனத்தின் இரண்டு உண்டு. ஒன்று ஏடி28சி64பி, மின்சாரத்தாலேயே அழியும் ஈஈப்ராம் வகை: 8 கிலோபைட், 28 கால், எழுதவும் 5 வோல்ட்டே போதும். 27சி64-க்கான அடாப்டரிலேயே உட்காரும். எழுதும் காலான 27-ஐ அந்த அடாப்டர் 5 வோல்ட்டில் கட்டிவைப்பதால் தவறுதலாக எதுவும் எழுதப்படாது. தயாரிப்பாளரின் தரவுத்தாள் உறுதி சொல்வது பத்தாண்டுத் தரவுக் காப்பு. நடப்பில் கூடவே இருக்கலாம். ஆனால் நாற்பது ஆண்டு தாண்டிய பெட்டிக்குப் பத்தாண்டு உறுதி எனக்குப் போதவில்லை.

மற்றது எஸ்எஸ்டி 39எஸ்எஃப்010ஏ என்ற ஃபிளாஷ்: 128 கிலோபைட், நூறாண்டுக்கு மேல் தரவு நிற்கும் என்று தரவுத்தாள் சொல்கிறது, அழிக்கவும் எழுதவும் எளிது. ஆனால் 32 கால். 24 கால் சாக்கெட்டுக்கு இதற்கென்றே செய்த அடாப்டர் வேண்டும்.

அத்தகைய அடாப்டர்கள் பலவும் இன்னொரு வசதியோடு வருகின்றன: பல கெர்னல்களை ஒரே சிப்பில் வைத்து, ஒரு சுவிட்சில் மாற்றிக்கொள்வது. இது வேண்டுமா என்பது நீங்கள் பெட்டியை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1541 டிஸ்க் டிரைவ் வைத்திருப்பவருக்கு வேண்டும் என்பேன். மூலக் கெர்னல் அந்த டிரைவிலிருந்து நொடிக்குச் சுமார் 400 பைட்தான் இழுக்கும். ஒரு பெரிய விளையாட்டு ஏற இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஜிஃபி டாஸ் என்ற மாற்றுக் கெர்னல் அதைப் பல மடங்கு வேகமாக்கும். அது இன்றும் உரிமத்தோடு விற்பனையாவது. காசு கொடுத்தே வாங்குங்கள். டிரைவுக்குள் இருக்கும் ரோமையும் அதோடு மாற்றவேண்டும். சில பழைய மென்பொருள்கள் மூலக் கெர்னலைத்தான் எதிர்பார்க்கும், அதற்குத்தான் சுவிட்ச். டிரைவே இல்லாதவருக்கு இத்தனையும் வீண் செலவு.

எந்தப் பெட்டிக்கு எது

போர்டின் எண்ணைப் பாருங்கள். பிற்காலத்துச் சிறிய போர்டான 250469-இல் பேசிக்கும் கெர்னலும் ஒரே 28 கால் சிப்பில் சேர்ந்துவிட்டன, 251913-01. அங்கே 27சி128 அடாப்டர் இல்லாமல் நேரே உட்காரும்: முதல் பாதியில் பேசிக், மறுபாதியில் கெர்னல். இந்தப் போர்டுக்காரர்கள் மேலே படித்த தலைவலிகளில் பாதியைத் தாண்டிவிட்டார்கள்.

பழைய போர்டு, சாக்கெட் உண்டு, தினமும் ஓட்டும் பெட்டி: டபிள்யூ27சி512, உருண்டைப் பின் அடாப்டர். என் பெட்டியில் இப்போது இருப்பது அதுவே. தரவை எமுலேட்டரோடு (இன்றைய கணினியில் கொமடோர் 64 போலவே நடிக்கும் மென்பொருள்) வரும் கோப்பிலிருந்து எடுத்தேன். எண் 901227-03 என்று சரிபார்த்தேன். கடைக்கு அனுப்பாமல் நீங்களே இன்னும் நான்கு பெட்டி பழுது பார்க்கப்போகிறீர்கள் என்றால் ஃபிளாஷ் அடாப்டர் நல்ல முதலீடு. காட்சிக்கு வைக்கும் பெட்டி என்றால் ஒரிஜினல்; எப்போதாவது மட்டும் ஆன் செய்யுங்கள், மூடியைத் திறந்து காற்று விடுங்கள்.

சாக்கெட் இல்லாமல் நேரே சால்டர் செய்த போர்டு என்றால் சிப் தேர்வை விடப் பெரிய முடிவு கழற்றும் முறை. இங்கே பலர் செத்த சிப்பைச் சேதமில்லாமல் எடுக்க முயன்று போர்டைச் சேதப்படுத்துகிறார்கள். 24 காலையும் ஒருசேர இளக்க உறிஞ்சு கருவி இல்லாதவர், சிப் செத்தது உறுதியென்றால், கால்களை உடலை ஒட்டிக் கட்டரால் வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடுகாட்டி உருவி எடுப்பதே மேல். 12-ஆம் கால் கிரவுண்ட். பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் அது இளகக் கூடுதல் நேரம் எடுக்கும், இழுத்துப் பிடுங்காதீர்கள். ஓட்டை சுத்தமானதும் நல்ல சாக்கெட் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். அந்தச் சிப்பின் தரவு ஆயிரக்கணக்கான இடங்களில் பத்திரமாக இருக்கிறது. துளைக்குள் இருக்கும் செம்புப் பூச்சு கிழிந்தால் அதற்குப் பிரதி கிடையாது.

சிப்பைச் செருகும் முன் காலிச் சாக்கெட்டின் 24-ஆம் துளையில் 5 வோல்ட் வருகிறதா, 12-ஆம் துளை கிரவுண்டா என்று ஒருமுறை அளந்துவிடுங்கள். சிப்பின் தலையில் உள்ள பிறை வெட்டு எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பாருங்கள். தலைகீழாகச் செருகினால் புதுச் சிப்பும் போய்விடும்.

என் பெட்டியில் பேசிக்கும் எழுத்து ரோமும் இன்னும் 1983-ஆம் ஆண்டின் ஒரிஜினல்களே. ஓடுவதை மாற்றவில்லை. ஆனால் இரண்டையும் கழற்றி, படித்து, கோப்பாக்கி, ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு பைட்கூடப் பிசகவில்லை. அந்தக் கோப்புகளை இன்னும் இரண்டு டபிள்யூ27சி512-இல் எழுதி, யூ3, யூ5 என்று லேபிள் ஒட்டி, அடாப்டரோடு சேர்த்து ஒரு டப்பாவில் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.